உங்களுக்குத் தெரியுமா? கால்பந்தும் கனத்த இரும்பும்

கோலுக்குச் சற்று முன்

ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் 2007-08 பருவத்தின் பிற்பாதியில் விழுந்த 360 கோல்களை ஓர் ஆய்வுக் குழு வீடியோவில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தது. கோல் விழுவதற்குச் சற்று முன் யார் என்ன செய்தார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 83 சதவீதக் கோல்களில், அடித்தவரோ அவருக்குப் பந்தைத் தந்தவரோ வெடிப்பான ஓர் அசைவைச் செய்திருந்தார். பிய்த்துக்கொண்டு ஓடியிருந்தார், எம்பியிருந்தார், அல்லது சட்டென்று திரும்பியிருந்தார். அடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நேர்கோட்டு ஓட்டத்துக்கே முதலிடம், 45 சதவீதம். எம்பித் தாவியது 16 சதவீதம். கேலரி எழுந்து நின்று கைதட்டும் திருப்பங்களும் திசை மாற்றங்களும் தலா 6 சதவீதத்தோடு நின்றுவிட்டன. கோல் அடித்தவரின் அந்த ஓட்டமும் பெரும்பாலும் பந்து காலில் இல்லாமல் ஓடிய ஓட்டம்.

ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை

ஓர் ஆட்டத்தில் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். முழு வேக ஓட்டம் சுமார் 90 விநாடிக்கு ஒரு முறை வரும், 2 முதல் 4 விநாடிக்குள் முடிந்துவிடும். அப்படி ஓடும் ஓட்டங்களில் 96 சதவீதம் 30 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஏறத்தாழப் பாதி, 10 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நூறு மீட்டர் ஓட்டக்காரர் தன் உச்ச வேகத்தைத் தொடுவதற்கு முன்பே கால்பந்துக்காரரின் வேலை முடிந்துவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து முதல் ஐந்தாறு எட்டை யார் முந்தி வைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓர் அடி, ஒன்றரை அடி

20 மீட்டர் ஓட்டத்தில் 0.04 முதல் 0.06 விநாடி வரை முந்தினால், தூரக் கணக்கில் 30 முதல் 50 சென்டிமீட்டர் முன்னால் இருப்பீர்கள். எதிராளிக்கு முன்னால் தோளை நுழைத்துப் பந்தை மறைக்க அது போதும் என்பது நார்வே ஆய்வாளர்களின் கணிப்பு. கீழே வரும் எண்களைப் படிக்கும்போது இந்த 0.05 விநாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் மாதக்கணக்கில் உழைத்துச் சம்பாதிப்பது இவ்வளவுதான்.

ரொனால்டோ தோற்ற பந்தயம்

2011-இல் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக கிறிஸ்டியானோ ரொனால்டோவை ஸ்பெயினின் தொழில்முறை ஓட்டக்காரர் ஆங்கெல் டேவிட் ரோட்ரிகஸுடன் ஓடவிட்டார்கள். 25 மீட்டர் நேர் ஓட்டத்தில் ஓட்டக்காரர் 3.31 விநாடி, ரொனால்டோ 3.61. பிறகு வளைந்து வளைந்து ஓடும் தடம் வைத்தார்கள். ரொனால்டோ 6.35, ஓட்டக்காரர் 6.86. முதல் பந்தயத்தில் 0.3 விநாடி விட்டுக்கொடுத்தவர் இரண்டாவதில் அரை விநாடி முந்தினார். இருவர் மட்டும் ஓடியதை ஆய்வு என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் மைதான வேகம் தடகள வேகத்தின் நகல் அல்ல என்பதற்கு இதைவிடச் சுவையான சாட்சி கிடைக்காது.

ரோசன்போர்க் கணக்கு

'எடை தூக்கினால் உடம்பு இறுகிப்போகும், வேகம் போய்விடும்.' நம் ஊர் மைதானங்களில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த பேச்சு இது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரத்து அணியான ரோசன்போர்க்கின் 17 வீரர்களை உல்ரிக் விஸ்லஃபும் அவர் குழுவினரும் சோதித்தார்கள். தோளில் பார்பெல்லை வைத்து, முழங்கால் செங்கோணமாகும் வரை அமர்ந்து எழும் அரை ஸ்குவாட்டில் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை சராசரியாக 171.7 கிலோ. யார் அதிகம் தூக்கினாரோ அவரே 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் வேகமாக ஓடினார், அவரே உயரமாகவும் குதித்தார். 10 மீட்டர் ஓட்டத்துக்கும் தூக்கும் எடைக்கும் இருந்த ஒட்டுறவு 0.94. இது போன்ற ஆய்வுகளில் இப்படியொரு எண் அபூர்வம்.

ஒத்துப்போவது வேறு, காரணமாவது வேறு. பலசாலி பிறவியிலேயே வேகக்காரனாகவும் இருந்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடியது இன்னொரு நார்வே ஆய்வு.

116-லிருந்து 176

அது 2011-இல் வெளியானது. சாம்பியன்ஸ் லீக் தரத்து அணியின் 21 வீரர்கள், வழக்கமான பயிற்சியோடு வாரம் இரண்டு நாள், 8 வாரம், அரை ஸ்குவாட் செய்தார்கள். 4 செட், செட்டுக்கு 4 ரெப். அவ்வளவுதான். ஆனால் ஐந்தாவது ரெப் எழ முடியாத அளவுக்குக் கனம். அதே நாட்களில் மூச்சு வாங்கும் இடைவெளி ஓட்டமும் உண்டு. முடிவில் அவர்கள் தூக்கிய எடை 116 கிலோவிலிருந்து 176 கிலோவுக்கு ஏறியது. 10 மீட்டர் ஓட்டம் 0.06 விநாடி குறைந்தது, குதிப்பு 3 சென்டிமீட்டர் கூடியது. உடல் எடை மட்டும் ஏறவில்லை.

எடை ஏறாமல் பலம் எங்கிருந்து வந்தது? நரம்பிலிருந்து. தசை என்பது ஒரே கட்டி அல்ல. நரம்பொன்று பிடித்து இயக்கும் நார்க் கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கின்றன. நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்மன் 1950-60களில் கண்டு சொன்னபடி, மூளை முதலில் சிறிய கூட்டங்களைத்தான் வேலைக்குக் கூப்பிடும். களைக்காத, மெதுவான நார்கள் அவை. பெரிய, வேகமான கூட்டங்களை ரொம்பத் தேவைப்பட்டால்தான் எழுப்பும். இலேசான எடையை நிதானமாகத் தூக்கும்போது அவை தூங்கிக்கொண்டே இருக்கின்றன. கனமான எடையோ, முழு மூச்சில் ஒரு குதியோ வந்தால்தான் எழுகின்றன. 8 வாரத்தில் அந்த வீரர்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இந்த எழுப்பும் பழக்கம்தான், புதுச் சதை அல்ல.

இரும்பு நகராவிட்டாலும்

டேவிட் பேம், டிக்பி சேல் என்ற கனடாக்காரர்கள் 1993-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஆளின் ஒரு பாதத்தை அசையாத கருவியில் மாட்டி, 'முடிந்த வேகத்தில் இழு' என்றார்கள். பாதம் நகரவே இல்லை. மறு பாதத்துக்கு அசையும் கருவி, அதே கட்டளை. வாரக்கணக்கில் பயிற்சி நடந்தது. கடைசியில் பார்த்தால் இரண்டு கால்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி வேகம் பெற்றிருந்தன. வேகமாக நகர வேண்டும் என்று எண்ணி உந்துவதுதான் பயிற்சி, நகர்ந்த வேகம் அல்ல.

ஸ்குவாட்டில் 150 கிலோ மெதுவாகத்தான் மேலே வரும். ஆனால் வீரர் அதை ராக்கெட் மாதிரி ஏவ நினைத்து எழ வேண்டும். அலைபேசியைப் பார்த்துக்கொண்டே செய்யும் செட் எந்தக் கணக்கிலும் சேராது.

பத்தில் ஒரு விநாடி

முழு வேகத்தில் ஓடும்போது கால் தரையைத் தொட்டிருப்பது சுமார் 0.1 விநாடி. நின்ற நிலையிலிருந்து புறப்படும் முதல் எட்டில் அதைப்போல் இரு மடங்கு. ஆனால் தசை தன் முழு பலத்தையும் திரட்ட 0.3 விநாடிக்கு மேல் தேவை. ஆக, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஓட்டத்தில் அந்தப் பலம் முழுவதையும் செலவழிக்க நேரமே கிடைப்பதில்லை. எவ்வளவு பலம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு பங்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துத் தர முடியும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு பார்பெல், இரண்டாவதற்குக் குதிப்பும் எறிதலும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தொங்கும் பயிற்சியாளர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

தவளைத் தசையும் நோபலும்

பாரம் குறைந்தால் தசை வேகமாகச் சுருங்கும், கூடினால் மெதுவாகச் சுருங்கும். தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தத் தேய்வை ஒரு வளைகோடாக வரைந்து சமன்பாடு தந்தவர் பிரிட்டனின் ஏ.வி. ஹில். 1938-இல், தவளையின் தசையை வைத்து. அதற்கு முன்பே, 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். இன்று கால்பந்து அணிகளின் உடற்பயிற்சியாளர்கள் கணினியில் வரையும் வீரர்வாரிக் கோடுகளெல்லாம் அந்தத் தவளைக் கோட்டின் வாரிசுகள். முதல் எட்டில் தன் 75 கிலோ உடம்பை அசைப்பது அந்தக் கோட்டின் 'பார' முனை. 430 கிராம் பந்தை உதைப்பது 'வேக' முனை.

நீங்களே செய்து பாருங்கள்

நாற்காலியில் அமர்வது போல் பாதி குனிந்து, மூன்று விநாடி அசையாமல் நின்று, பிறகு குதியுங்கள். சற்று ஓய்வெடுத்து, இந்த முறை நின்ற நிலையிலிருந்து சடாரென்று குனிந்த கையோடு குதியுங்கள். இரண்டாவதுதான் உயரம். குனியும்போது தசையும் குதிநாணும் உண்டிவில் ரப்பர் போல இழுபடுகின்றன. உடனே விட்டால் அந்த இழுப்பு திரும்பக் கிடைக்கும், தாமதித்தால் வீண். இத்தாலியின் கார்மெலோ பாஸ்கோ 1980களில் இந்த இரு குதிப்புகளையும் பாதம் படுவதை உணரும் பாயில் அளந்து, இடைவெளியைப் பார்த்தே யாருக்கு எந்தப் பயிற்சி குறைவு என்று சொல்லும் முறையைப் பரப்பினார். குனிந்து நின்று குதிப்பதும் சடாரென்று குதிப்பதும் ஏறத்தாழ ஒரே உயரம் என்றால், பலம் இருக்கிறது, அந்த இழுப்பைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று பொருள்.

சோவியத் பெட்டி

அந்த இழுப்பைத் திட்டமிட்டுப் பயிற்றுவித்தவர் சோவியத் ஆய்வாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி. 1960களில் அவர் கொண்டுவந்த முறை எளிது: பெட்டி மேலிருந்து கீழே இறங்கு, பாதம் தரையைத் தொட்ட கணமே மேலே பாய். அவர் தன் தடகள வீரர்களுக்குச் சொன்ன பெட்டி 75 முதல் 110 சென்டிமீட்டர் உயரம். இன்று கால்பந்துக்காரர்களுக்கு அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். பெட்டி உயர உயர, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. தங்கினால் பயிற்சி கெட்டது. இணையத்தில் இடுப்புயரப் பெட்டி மீது தாவி ஏறும் காணொளிகளுக்கு லட்சம் பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள். அது முழங்காலை நெஞ்சுவரை மடக்கும் திறமை, குதிக்கும் திறமை அல்ல.

களைப்புக்கு முன் நிறுத்து

பார்பெல்லில் ஒரு கம்பியைக் கட்டி, அது மேலேறும் வேகத்தை அளக்கும் கருவி வந்துவிட்டது. ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ பரேஹா-பிளாங்கோவும் குழுவினரும் இரண்டு கூட்டத்தாருக்கு 8 வாரம் ஸ்குவாட் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டம், செட்டில் வேகம் 20 சதவீதம் குறைந்ததும் நிறுத்தியது. மறு கூட்டம் 40 சதவீதம் குறையும்வரை இழுத்தது, அதாவது நாக்கு தள்ளும்வரை. பலம் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கூடியது. முதல் கூட்டம் அதற்கு 40 சதவீதம் குறைவான ரெப் செய்திருந்தது. குதிப்பு உயரமோ முதல் கூட்டத்துக்கு 9.5 சதவீதம் ஏற, இரண்டாவதற்கு 3.5 சதவீதம்தான். தசையைத் துளி எடுத்துப் பார்த்தபோது நாக்குத் தள்ளியவர்களின் தசை பருத்திருந்தது, ஆனால் அதிவேக நார்களின் பங்கு குறைந்திருந்தது.

பயிற்சி முடிந்து பையன்கள் புல்லில் மல்லாந்து கிடந்தால்தான் கோச்சுக்குத் திருப்தி என்ற நிலை இன்னும் மாறவில்லை. வெடிப்பு வேண்டும் என்றால் அது தவறான அளவுகோல். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே 3 நிமிடம் சும்மா நிற்பதைச் சோம்பல் என்று திட்டக்கூடாது. தசைக்குள் உடனடி எரிபொருளான பாஸ்போகிரியேட்டின் நிரம்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

மேலாளரோடு ஓடிய பலசாலி

எடையும் நெடுந்தூர ஓட்டமும் ஒன்றுக்கொன்று எதிரியா? இந்தக் கேள்வி பிறந்த கதை ருசியானது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் எடை தூக்குவதில் பிரியம் உள்ளவர். செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசியின் ஆய்வகத்தில் சேர்ந்ததும், அவரோடு மாலை ஓட்டத்துக்கும் போகத் தொடங்கினார். தசை கரைவதைக் கண்டு பெரியவரிடமே முறையிட்டார். 'தனி ஆய்வகம் வைத்ததும் முதலில் இதை ஆராய்ந்து பார்' என்று பதில் வந்ததாம். 1980-இல் ஹிக்சன் வெளியிட்ட முடிவு: இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழெட்டு வாரம் ஏறி, பிறகு நின்று, சரிந்தது.

அவர் கொடுத்தது வாரம் முழுக்கக் கடும் பயிற்சி. கால்பந்தில் அளவு அவ்வளவு இல்லை, அதனால் மோதலும் குறைவு. மேலே சொன்ன 116-176 கதையில் இரண்டும் ஒரே நேரத்தில் வளர்ந்ததைப் பார்த்தோம்.

தூக்குவதா, ஏவுவதா?

இலேசான பார்பெல்லோடு வேகமாக ஸ்குவாட் செய்தால் ஒரு சிக்கல்: மேலே வந்ததும் அது தோளை விட்டுப் பறக்காமல் இருக்க, பாதி வழியிலேயே உடம்பு பிரேக் போடத் தொடங்கிவிடும். தரையை விட்டே எழும்பும் ஜம்ப் ஸ்குவாட்டிலும், தரையிலிருந்து தோளுக்கு ஒரே வீச்சில் எடுக்கும் பவர் கிளீனிலும் அந்தப் பிரேக் இல்லை. பவர் கிளீன் அழகான பயிற்சி. ஆனால் ஒழுங்காகக் கற்க மாதங்கள் ஆகும், மணிக்கட்டும் முழங்கையும் ஒத்துழைக்க வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமே ஜிம்மில் கிடைக்கும் வீரருக்கு, அறுகோணச் சட்டத்துக்குள் நின்று அதைப் பிடித்துக்கொண்டு குதிப்பது என் பார்வையில் சிக்கனமான வழி. பளுதூக்கும் உலகத்திலிருந்து வந்த கோச்சுகள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள்.

உடம்பின் எடையில் 80 சதவீதம்

இடுப்பில் கயிறு கட்டி, பின்னால் எடை ஏற்றிய ஸ்லெட்டை இழுத்து ஓடும் பயிற்சியைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்தின் பாங்கு கெடும் என்று பயந்து, வேகம் 10 சதவீதத்துக்கு மேல் குறையாத அளவு இலேசான எடைதான் வெகுகாலம் பரிந்துரையில் இருந்தது. பிரான்சின் ழான்-பெனுவா மோரினும் குழுவினரும் 2017-இல் அதை உடைத்தார்கள். அமெச்சூர் கால்பந்து வீரர்களை, அவரவர் உடல் எடையில் 80 சதவீதத்தைக் கட்டி இழுக்கவைத்தார்கள். அது ஓட்டமே அல்ல, தள்ளாட்டம். ஆனால் 8 வாரத்தில், தரையைப் பின்னோக்கித் தள்ளும் கிடைநிலை விசை தெளிவாகக் கூடியது. சிறிய கூட்டத்தில் செய்த முன்னோட்டம்தான் அது. ஆனாலும் அதன் பிறகு ஐரோப்பியப் பயிற்சி மைதானங்களில் ஸ்லெட்டுகள் கனத்தன.

பிரேக்

ஆட்டத்தில் கடும் முடுக்கத்தைவிடக் கடும் நிறுத்தமே அதிக முறை வருகிறது. நிறுத்தத் தெரியாதவனுக்கு வேகம் ஆபத்து. ஓடிவந்து நிற்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எதிர்த்து நிற்கிறது. மறுநாள் படி இறங்கும்போது வலிப்பது அதனால்தான்.

விண்வெளியிலிருந்து வந்த சக்கரம்

எடையே இல்லாத இடத்தில் எடை தூக்குவது எப்படி? ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஹான்ஸ் பெர்க்கும் பெர் டெஷும் விண்வெளி வீரர்களை மனதில் வைத்துச் சுழல்சக்கரக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். நாடாவை இழுத்தால் சக்கரம் சுழலும். இழுத்து முடித்ததும் சுழற்சி நிற்காது, நாடாவைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு ஆளை இழுக்கும். அதை எதிர்த்து நிறுத்த வேண்டும். இரு திசையிலும் வேலை.

அது ஸ்வீடனின் முதல் நிலைக் கால்பந்துக்கு வந்தது. கார்ல் ஆஸ்க்ளிங் 30 வீரர்களை எடுத்து, 15 பேருக்கு மட்டும் பருவத்துக்கு முன் 10 வாரம் இந்தச் சக்கரத்தில் பின்தொடைப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பருவத்தில் அவர்களில் 3 பேருக்குப் பின்தொடைக் காயம், பயிற்சி பெறாத 15 பேரில் 10 பேருக்கு. பயிற்சி பெற்றவர்களின் ஓட்ட வேகமும் கூடியிருந்தது. 2003-இல் வெளியான ஆய்வு இது.

காசில்லாத மருந்து, குடிக்க ஆளில்லை

சக்கரம் வாங்க வசதியில்லையா? முழங்காலிட்டு நில்லுங்கள். நண்பர் பின்னால் அமர்ந்து இரு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்கட்டும். முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்துக்கொண்டு மெல்ல முன்னால் சாயுங்கள். பின்தொடை தாங்கும்வரை தாங்குங்கள், முடியாதபோது கையை ஊன்றி விழுங்கள். நார்டிக் பயிற்சி என்று இதற்குப் பெயர். டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். முதல் வாரம் ஒரே நாள், 2 செட், தலா 5. படிப்படியாக ஏறி 12, 10, 8 என மூன்று செட். பயிற்சி செய்த அணிகளில் 15 பின்தொடைக் காயம், செய்யாதவற்றில் 52. முடிவு 2011-இல் வெளிவந்தது.

நான்கு ஆண்டு கழித்து, சாம்பியன்ஸ் லீக் அணிகளையும் நார்வேயின் முதல் நிலை அணிகளையும் சேர்த்து 50 கிளப்புகளில் விசாரித்தார்கள். கணக்கெடுத்த பருவங்களில் 83 சதவீதத்தில் இந்தத் திட்டத்தைக் கிளப் பின்பற்றவில்லை. கோடிகளில் புரளும் கிளப்புகள் இவை! முதல் இரண்டு வாரம் தொடை கடுமையாக வலிக்கும், நட்சத்திர வீரர் முகம் சுளிப்பார், அடுத்த நாள் ஆட்டம் இருக்கும். காரணங்கள் புரிகின்றன. அதற்கான விலையும் தெரிகிறது: ஐரோப்பிய ஆண்கள் கிளப்புகளில் மொத்தக் காயங்களில் பின்தொடையின் பங்கு 2001-02-இல் 12 சதவீதம், 2021-22-இல் 24 சதவீதம்.

தொடை இடுக்குக்கு கோபன்ஹேகன்

பக்கவாட்டில் படுத்து, மேல் காலை நண்பர் இடுப்பளவில் பிடித்துக்கொள்ள, உட்தொடையின் பலத்தால் இடுப்பைத் தூக்கும் பயிற்சிக்குக் கோபன்ஹேகன் என்று பெயர். நார்வேயின் அரைத் தொழில்முறை அணிகளில் இதைச் செய்தவர்களுக்குத் தொடை இடுக்குக் கோளாறு வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. உதைப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது சில்லறை லாபம் அல்ல.

பருவம் தொடங்கியதும் விட்டுவிட்டால்?

பருவத்துக்கு முன் 10 வாரம், வாரம் இரண்டு நாள் எடை தூக்கிய நார்வே தொழில்முறை வீரர்களைப் பெண்ட் ரோன்னெஸ்டாட் இரண்டாகப் பிரித்தார். ஆட்டங்கள் தொடங்கிய பின் 12 வாரம், ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு முறை, மற்றதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வாரம் ஒரு முறை செய்தவர்கள் சேர்த்த பலத்தையும் 40 மீட்டர் வேகத்தையும் அப்படியே வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு இரண்டும் கரைந்தன. குதிப்பு மட்டும் இரு பிரிவுக்கும் குறையவில்லை. சம்பாதிக்க வாரம் இரண்டு நாள், காப்பாற்ற ஒரு நாள். அந்த ஒரு நாளையும் ஆட்டத்துக்கு முந்தைய நாளில் வைக்காமல், இரு ஆட்டங்களுக்கு நடுவே வைத்தால் போதும்.

உயரம் நின்றுவிடுமா?

'பதிமூன்று வயதுப் பையன், எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்.' இல்லை. 2014-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இதைத் தெளிவாக்கிவிட்டது. தகுதியுள்ள பயிற்சியாளர் மேற்பார்வையில், முறை பழகிய பிறகு எடை கூட்டினால் வளர்ச்சிக்குக் கேடு என்பதற்குச் சான்று இல்லை. விபத்துகள் நடப்பது யாரும் பார்க்காதபோது, ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுத் தூக்கும்போது.

எடையே இல்லாத ஏற்பாடும் உண்டு. ஃபிஃபாவின் '11+' என்பது 20 நிமிட வார்ம்-அப். ஓட்டம், பலம், குதிப்பு, சமநிலை எல்லாம் சேர்ந்த 15 பயிற்சிகள், நார்டிக்கும் அதில் ஒன்று. நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 சிறுமிகளிடம் சோதித்தபோது கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

துண்டு துணுக்கு

ஆட்டத்துக்கு முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டி வைத்தால், உடனே குதிக்கும் உயரம் குறைகிறது. அரை நிமிடத்துக்குள் என்றால் கவலை இல்லை.

இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் 15 நிமிடத்தில் தசையின் வெப்பம் சுமார் 2 டிகிரி இறங்குகிறது. பிற்பாதியின் தொடக்கத்தில் ஓட்ட வேகம் 2.4 சதவீதம் குறைவு. 7 நிமிடம் மிதமாக ஓடிவிட்டு வந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. 2004-இல் வெளியான டென்மார்க் ஆய்வு இது. கோச் வாய் மூடினால்தானே ஓட நேரம் கிடைக்கும்!

1975-இன் ஐரோப்பியச் சிறந்த வீரர், கியெவ் டைனமோவின் ஒலெக் பிளோகின். அந்த ஆண்டு ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் பயர்ன் மியூனிக்கை இரு ஆட்டங்களிலும் தோற்கடித்த மூன்று கோல்களும் அவருடையவை. அவர் தாய் ஒரு தடகள வீராங்கனை.

மல்யுத்தக்காரர் போன்ற தோள்களோடு ஓடும் அடாமா ட்ராவோரே, தான் எடை தூக்குவதே இல்லை என்று சொன்னார். நம்புவது உங்கள் பாடு. எதிராளிகள் கையைப் பிடித்து நிறுத்தித் தோள் நழுவியதால், வுல்வ்ஸ் அணியில் ஆடியபோது கைகளில் குழந்தை எண்ணெய் பூசிக்கொண்டு இறங்கினார்.

2019 டிசம்பரில் சம்ப்டோரியாவுக்கு எதிராக ரொனால்டோ தலையால் முட்டிய பந்து தரையிலிருந்து 2.56 மீட்டர் உயரத்தில் இருந்தது. கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டம் 2.44 மீட்டர்.

கோல் காப்பாளர்களும் பக்கவாட்டில் பந்தை எறிபவர்களும் செய்யும் மெடிசின் பால் பயிற்சி, பலத்தைக் காலிலிருந்து இடுப்பு வழியாகக் கைக்குக் கடத்தும் பழக்கம். அதை ஜிம்முக்கு வெளியே கற்றவர் ஸ்டோக் சிட்டியின் ரோரி டெலாப், பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதல் சாம்பியன். 2008 நவம்பரில் ஆர்சனலை ஸ்டோக் 2-1 என்று வென்ற ஆட்டத்தில் இரு கோல்களும் அவர் கையால் எறிந்த பந்திலிருந்து வந்தவை. தோற்ற மேலாளர் ஆர்சன் வெங்கர் பின்னாளில், பக்கவாட்டுப் பந்தை எறிவதற்குப் பதிலாக உதைக்கும்படி விதியை மாற்றலாம் என்று யோசனை சொன்னார்.